வடக்கே ஊழியத்துக்குப் போக விரும்பும் தம்பி தங்கைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துப் பெண். 22 வயதில் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளுக்குப் போய், மால்டோ பழங்குடி மக்கள் நடுவில் ஒன்பது வருடம் மிஷனெரியாக இருந்தேன். இப்போது ஊரில் இருக்கிறேன். வாலிபர் கூட்டங்களில் பேசிவிட்டு இறங்கினால் பிள்ளைகள் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, எனக்கு அழைப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கன்வென்ஷன் கடைசி நாள் ராத்திரி, பாட்டு உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, "அர்ப்பணிக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பார்கள். நானும் அப்படி எழுந்து நின்றவள்தான். அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதை மட்டும் நம்பி ரயில் ஏறாதீர்கள். ஆறு மாதம் பொறுங்கள். பாட்டும் மைக்கும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலும் அந்தப் பாரம் நெஞ்சில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் பாருங்கள். உங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் தாத்தாவிடம் வாரம் ஒருமுறை போய் அரை மணி நேரம் உட்கார முடிகிறதா? அது அலுப்பாக இருந்தால், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் அலுப்பாகத்தான் இருக்கும்.

வயசு, படிப்பு எவ்வளவு வேண்டும்?

அது மிஷனுக்கு மிஷன் மாறும். பட்டப்படிப்போ ஒரு தொழிற்பயிற்சியோ முடித்து, 21 வயதுக்கு மேல் ஆனபிறகு போவது நல்லது என்பது என் கருத்து. நர்சிங், ஆசிரியர் பயிற்சி, விவசாயம் படித்தவர்களுக்கு எங்கும் வேலை இருக்கிறது. எந்த மிஷனாக இருந்தாலும் பயிற்சி இல்லாமல் நேராகப் பணித்தளத்துக்கு அனுப்புகிறோம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டு வருடம் மட்டும் போய்விட்டு வரலாமா?

சில சபைகளில் அதுவே முறை. மார்மன் சபையில் வாலிபர்கள் 18 வயதிலிருந்து இரண்டு வருடம், இருவர் இருவராக, சபை காட்டுகிற இடத்துக்குப் போவார்கள். நம் மிஷன்களிலும் குறுகிய கால ஊழியம் உண்டு. பள்ளி விடுதியில் உதவவோ மருத்துவ முகாமில் வேலை செய்யவோ அது போதும். ஆனால் ஒரு மக்களோடு மனசு விட்டுப் பேசும் அளவுக்கு மொழி வர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இரண்டு வருடத்தில் திரும்பியிருந்தால், பேசத் தொடங்கியதுமே கிளம்பி வந்தவளாக இருந்திருப்பேன்.

வெள்ளைக்காரர்கள் செய்ததை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

நம் ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. முன்னின்று தொடங்கியவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு 28 வயது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் அவர்கள் கொள்கை. தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு நெல்லையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். 1909-ல் அசரியாவே வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு படித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தியர். அங்கே அசரியா எழுந்து, இந்தியாவில் மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவில் உறவு சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அந்தப் பேச்சு அங்கே பலருக்குக் கசந்தது.

இன்றைக்கு அந்தக் கேள்வி நம்மிடம்தான் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிற நாம் படித்தவர்கள், கையில் போன் உள்ளவர்கள், பின்னால் ஒரு நிறுவனம் உள்ளவர்கள். மலையில் இருப்பவர்களுக்கு நாம்தான் வெளியூர் துரை. போன முதல் மாதம் ஒரு வீட்டில் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். நான் என் பாட்டிலைக் காட்டி, வேண்டாம் என்று சிரித்தேன். அதன் பிறகு ரொம்ப நாள் அந்த வீட்டில் என்னை உள்ளே கூப்பிடவே இல்லை. ஏன் என்று எனக்குப் புரிய அத்தனை நாள் ஆனது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அடுப்பில், அவர்களோடு உட்கார்ந்து காய்ச்சிக் குடிக்கலாம். பிறகு அப்படித்தான் செய்தேன்.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையே?

அம்மா அப்பாவை விசுவாசம் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பயத்தில் பாதி நியாயமான பயம். தங்குமிடம் எங்கே, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், உதவித்தொகை எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை நாள் விடுப்பு, மருத்துவக் காப்பீடு உண்டா என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வையுங்கள். முடிந்தால் அப்பாவை ஒருமுறை பணித்தளத்துக்கே கூட்டிப்போங்கள். என் அப்பா வந்தார். ஹவுரா வரை ஒரு ரயில், அங்கிருந்து சாகிப்கஞ்சுக்கு இன்னொரு ரயில், அப்புறம் ஜீப், கடைசியில் நடை. மூன்று நாள் இருந்தார். போகும்போது அங்கிருந்த அண்ணனிடம், "பிள்ளைக்கு மோர் கிடைக்கிற மாதிரிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பணத்துக்கு என்ன செய்வது?

பெரும்பாலான மிஷன்கள் பங்காளர்கள் தரும் காணிக்கையில்தான் நடக்கின்றன. உதவித்தொகை குறைவாக இருக்கும், சில மாதம் தாமதமாகும். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, அதை ஊழியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் நம் தென்மாவட்டத்து அம்மாக்களிடம் ரொம்ப நாளாக உண்டு. என் செலவும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்ததுதான். அதனால் ஒரு ரசீதைக்கூடத் தொலைக்காதீர்கள். கல்விக் கடன் இருந்தால் அடைத்துவிட்டுப் போங்கள்.

மொழி வராதே என்று பயமாக இருக்கிறது.

இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். கங்கைக்குப் பக்கத்தில், சுற்றிலும் இந்தியும் வங்காளமும் சந்தாலியும் பேசுகிற இடத்தில், மால்டோ ஒரு திராவிட மொழி. குருக்கு, பிராகூயி ஆகியவற்றோடு வட திராவிடக் கிளையைச் சேர்ந்தது. முதல் வாரம் ஒரு பாட்டி தன் நெஞ்சைத் தொட்டு "ஏன்" என்றார், என்னைக் காட்டி "நீன்" என்றார். நான், நீ! நம் ஆட்களிடம் வந்துவிட்டோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு இருப்பது போல அங்கேயும் இரண்டு உண்டு. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் "நாம்". இந்தி தெரிந்தால் அலுவலக வேலை நடக்கும். ஆனால் ஒருவர் தன் துக்கத்தைத் தாய்மொழியில்தான் சொல்லுவார். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழந்தைகளிடம் போங்கள். அவர்கள்தான் தப்பைத் திருத்தச் சலிக்காதவர்கள்.

ஆவிக்குரிய ஆறுதல் கொடுப்பது என்றால் என்ன? எனக்கு வேத அறிவு குறைவு, வயசும் இல்லை. நான் என்ன சொல்ல முடியும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டும். ஏனென்றால் இதில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன்.

போன முதல் மழைக்காலத்தில், ஒரு வீட்டில் மூன்று வயதுப் பையன் மூளை மலேரியாவில் இறந்துபோனான். செய்தி கேட்டதும் ஓடினேன். பயிற்சியில் படித்ததெல்லாம் நினைவில் இருந்தது. அரைகுறை மால்டோவும் இந்தியும் கலந்து பரலோகத்தைப் பற்றிச் சொன்னேன், பிள்ளை ஆண்டவரிடம் இருக்கிறான் என்றேன், பிறகு கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினேன். கண்ணைத் திறந்தபோது அந்தத் தாய் அங்கே இல்லை. எழுந்து வீட்டின் பின்பக்கம் போயிருந்தார்.

நான் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூலையில் ஒரு கூடை நிறையக் காய்ந்த தட்டப்பயற்று நெற்று இருந்தது. கூடையை முன்னால் இழுத்து வைத்து உரிக்க ஆரம்பித்தார். நெற்றைப் பெருவிரலால் அழுத்தினால் 'டப்'பென்று பிளக்கும், பயறு முறத்தில் விழும். அந்தச் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாய் திரும்பி வந்து, பாட்டிக்கு எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு நெற்றை எடுத்தார். நானும் எடுத்தேன். பாதிக் கூடை முடிந்தபோது அந்தத் தாயே பேசினார். பையன் இந்தப் பயற்றைப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்வான், நான் அடிப்பேன் என்றார். அப்புறம்தான் அழுதார்.

வேதத்தில் வரும் யோபுவின் நண்பர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அதனால் நான் சொல்லுவேன், போனதும் உட்காருங்கள். கையில் செய்ய ஒரு வேலை இருந்தால் செய்யுங்கள், தண்ணீர் எடுத்து வாருங்கள், அடுப்பைப் பாருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் நீங்களும் பேசாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். மற்ற எல்லோரும் அந்தப் பெயரை ஒதுக்கிவிடுவார்கள், தாய்க்கோ அதைக் கேட்க ஆசையாக இருக்கும். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் தலையாட்டுங்கள், வீட்டுக்குப் போய் ஜெபித்துக்கொள்ளலாம். சரி என்றால் நாலு வரி போதும். முக்கியமாக, மறுபடி போங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். நாற்பதாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் பயறு காயும்போதும் போய் எட்டிப் பாருங்கள்.

உங்களுக்கு வயசு இல்லை என்பது இங்கே குறையே இல்லை. பெரியவர்களிடம் பிள்ளைகள் உபதேசம் பண்ணினால்தான் எரிச்சல் வரும். பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் எரிச்சல் வராது.

எதையெல்லாம் சொல்லக் கூடாது?

"தேவனுடைய சித்தம்", "எல்லாம் நன்மைக்கே", "நீ ஜெபித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது", "உன் பாவத்தின் பலன்". கடைசி இரண்டையும் எப்போதும் சொல்லாதீர்கள். முதல் இரண்டைத் துக்கப்படுகிறவர் தானே சொல்லிக்கொள்ளலாம், நாம் அவருக்குச் சொல்லக் கூடாது. அதேபோல, "எனக்குப் புரிகிறது" என்பதும் வேண்டாம். 22 வயதில் எனக்கு என்ன புரிந்திருக்கும்?

ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தை யாரிடமும் சொல்லக் கூடாதுதானே?

ஆமாம். இவருக்காக ஜெபியுங்கள் என்று கேட்கும் ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் சொல்லக் கூடாது. நம் ஊழியங்களில் ரகசியம் அதிகமாக வெளியே போவது ஜெபக் குறிப்பு வழியாகத்தான். ஊருக்கு அனுப்பும் மடலில் பெயர், படம், கிராமம் எதையும் அவர்கள் அனுமதி இல்லாமல் போடாதீர்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. ஒருவர் சாக நினைக்கிறார் என்று தெரிந்தால், தனியே விடாதீர்கள், குடும்பத்தாருக்கும் மூத்த ஊழியருக்கும் உடனே தெரிய வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக மனநல உதவி கிடைக்கும், தமிழிலும் பேசலாம். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால், 2012-ம் வருட போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். செய்தவர் போதகராக இருந்தாலும், நம் மிஷன் ஆளாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நோயாளிக்கு ஜெபித்தால் போதாதா? மருந்து கொடுத்தால் விசுவாசக் குறைவு ஆகாதா?

ஆகாது. அந்த மலைகளில் மலேரியாவும், மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சலும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிருக்கின்றன. காய்ச்சல் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஜெபத்தை ஜீப்பில் போகும்போது பண்ணலாம். அந்தப் பையனை ஒரு நாள் முன்னால் கீழே கொண்டுபோயிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் இருக்கிறது. காய்ச்சல் வந்த முதல் நாள் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். வேலூரில் மிஷனெரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஆஸ்பத்திரி கட்டியது விசுவாசம் இல்லாமலா?

மதமாற்றச் சட்டம் இருக்கிறதே, பிரச்சினை வராதா?

சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். அரசியல் சாசனத்தின் 25-ம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒடிசாவில் 1967 முதலும், குஜராத்தில் 2003 முதலும், ஜார்க்கண்டில் 2017 முதலும் இதற்கென்று சட்டம் இருக்கிறது. வற்புறுத்தல், ஆசை காட்டுதல், ஏமாற்றுதல் எல்லாம் தண்டனைக்குரியவை.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அரிசி, போர்வை, பள்ளிச் சேர்க்கை, மருந்து எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பசியில் இருப்பவரிடம் அரிசியைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வா என்றால், வராமல் இருக்க அவருக்கு வழி ஏது? நட்பு அங்கேயே செத்துப்போகும். உதவி எல்லோருக்கும். ஆராதனைக்கு வருவது அவரவர் விருப்பம். அவர்கள் தங்கள் குலதெய்வத்தைப் பற்றிப் பேசும்போது, நம் விசுவாசத்தைப் பற்றி அவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படி நாம் கேட்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து உண்டா?

பொய் சொல்ல மாட்டேன், உண்டு. ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் 1999 ஜனவரியில் ஜீப்போடு எரிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தேன் என்றார், பல வருடம் அங்கேயே தங்கி அந்த வேலையைத் தொடர்ந்தார். ஆனாலும் பெரும்பாலான நாள்களில் ஆபத்து அப்படி வராது. கொசுவாகவும், மழையில் வழுக்கும் பாறையாகவும், பைக்காகவும் வரும். கொசுவலையும் ஹெல்மெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தைத் தேடிப் போவது வேறு. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க இளைஞர், வெளியார் போகக் கூடாது என்ற அரசுத் தடையை மீறி அந்தமானின் வட சென்டினல் தீவுக்குப் போய் அம்பு எய்து கொல்லப்பட்டார். அவருடைய அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத அந்த மக்களை, நம் மூச்சுக்காற்றே அழித்துவிடக்கூடும். அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள். வராதே என்று ஒரு மக்கள் அவ்வளவு தெளிவாகச் சொன்னால், நண்பன் திரும்பிப் போவான்.

எனக்கே மனசு வறண்டுபோனால்?

போகும். எனக்கு மூன்றாம் வருடம் வந்தது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும். கிறிஸ்துமஸ் ராத்திரி ஊர்ப் பாட்டு காதில் ஒலிக்கும், தூக்கம் வராது. மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்து அறையில் தனியே உட்கார்ந்திருப்பேன். மாத அறிக்கையில் அதை எழுத வெட்கம். கடைசியில் ஒரு மூத்த அக்காவிடம் சொன்னேன். அவர் ஜெபிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "ரெண்டு மாசம் வீட்டுக்குப் போ" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். போனேன், தூங்கினேன், சாப்பிட்டேன், திரும்பி வந்தேன். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு எடுங்கள். உங்கள் மிஷனுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் மாதம் ஒருமுறை மனம் திறந்து பேசுங்கள்.

பாதியில் திரும்பி வந்தால் தோல்வியா?

இல்லை. உடம்பு ஒத்துக்கொள்ளாமல், பெற்றோருக்கு முடியாமல், கல்யாணத்துக்காக என்று பல காரணங்களால் வருவார்கள். திரும்பி வந்தவர்களைச் சபையில் ஒரு மாதிரி பார்ப்பது நம்மிடம் இருக்கிற கெட்ட பழக்கம். அதை மாற்ற வேண்டியது சபை, நீங்கள் இல்லை.

போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

நல்ல டார்ச், கொசுவலை, மழையில் வழுக்காத செருப்பு, காய்ச்சல் மாத்திரை, இரண்டு நோட்டு, ஒரு பாட்டில் ஊறுகாய். அப்புறம் வீட்டில் எல்லோரும் இருக்கிற ஒரு போட்டோவைத் தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துப்போங்கள். போனில் இருந்தால் சார்ஜ் இருக்காது. அங்கே எல்லோரும் முதலில் கேட்பது, உன் அம்மா எங்கே என்றுதான். என் போட்டோ ஊரெல்லாம் கை மாறி ஓரம் கிழிந்துபோனது. பையனை இழந்த அந்தத் தாய், என் அம்மாவின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகளை இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவார் என்று கேட்டார். ஒருமுறை நான் ஊருக்குக் கிளம்பியபோது, உரித்த தட்டப்பயறு ஒரு பொட்டலம் கொடுத்து, அம்மாவிடம் கொடு என்றார். அம்மா அதை வறுத்துக் குழம்பு வைத்தார்.